கயிறு தளர்த்தும் கை

பிலோமிக்குத் தெரிந்த மெஷின் ஒன்றே ஒன்றுதான், தையல் மெஷின். ஊசி முறிந்தால் மாற்றுவாள், நூல் சிக்கினால் பொறுமையாக எடுப்பாள், பெல்ட் தளர்ந்தால் அறுத்துக் கட்டுவாள். அப்படிப்பட்டவள், இறந்துபோன புருஷனின் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதையே பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்க வந்த ஜாக்கெட் துணியெல்லாம் மூலையில் குவிந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். பேசட்டும். காரணம் இல்லாமல் ஒருத்தி அப்படி உட்காருவாளா, கண்ணுகளா?

காரணம் உள்ளே கட்டிலில் படுத்திருந்தது.

சவரிமுத்து அவளுடைய மாமனார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். எதையும் சட்டென்று தூக்க மாட்டார். டீ டம்ளராக இருந்தாலும் முதலில் ஒரு விரல்கடை தூக்குவார், உள்ளே டீ ஆடி அடங்குகிறதா என்று பார்ப்பார், பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோவார். கிரேனில் பாரம் தூக்கிய பழக்கம். மற்றதெல்லாம் அவரை விட்டுப் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெயர் மறந்துவிட்டது, தெரு மறந்துவிட்டது, மனைவி இறந்தது மறந்துவிட்டது. துறைமுகச் சங்கு ஊதினால் மட்டும் கட்டிலில் எழுந்து உட்காருவார்.

"அமலு வந்துட்டானாம்மா?"

அமலு என்ற அமலதாஸ் துறைமுகச் சாலையில் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்து வருஷம் இரண்டாகிறது. ஆரம்பத்தில் பிலோமி உண்மையைத்தான் சொன்னாள். கேட்டதும் கிழவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். அழுது களைத்துத் தூங்கிவிடுவார். எழுந்தால் மறந்திருக்கும். மறுநாள் சங்கு ஊதும், மறுபடி கேட்பார், மறுபடி அன்றுதான் மகன் செத்தது போல அழுவார். பெற்ற பிள்ளையை ஒரு மனுஷர் எத்தனை தரம் சாகக் கொடுப்பார்? பிலோமி பொய்க்கு மாறினாள்.

"ஷிப்டுக்குப் போயிருக்காரு மாமா. வந்திருவாரு."

"சரி, சரி. சோத்த மூடி வை."

பொய் அவரைத் தூங்க வைத்தது. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் பிலோமியின் கண் ஒரு தரம் வாசலுக்குப் போய்வந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்போன் ரிப்பேர் கடை நிஜாம் அண்ணன் ஒரு சேதி சொன்னார்.

அமலதாஸ் கடற்கரைப் பக்கம் இருந்த வீடியோ கேம் ஹாலில் மெக்கானிக்காக இருந்தவன். ஆள் உயரப் பெட்டிகள், அவற்றில் குச்சியும் பித்தானும். அந்தக் காலத்தில் வந்து மறைந்து, பிறகு திரும்பவும் மோகமாகிப் போனவை. அவன் உயிராய் நினைத்த விளையாட்டுக்கு 'இரட்டைப் படகு' என்று பெயர். இரண்டு படகு, நடுவில் ஒரு கயிறு. பாறையும் சுழியும் நிறைந்த கடலில் இரண்டு பேர் சேர்ந்து படகுகளைக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் வேகமாக இழுத்தால் கயிறு அறும், இரண்டும் மூழ்கும். வேலை முடிந்து அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடுவார்கள். ஹாலை மூடியபோது அமலதாஸ் அந்தப் பெட்டியின் போர்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தான். அதை ஓட வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் பிலோமி நிஜாம் அண்ணனிடம் கொடுத்திருந்தாள்.

"போர்டு உப்புக்காத்துல அரிச்சுப்போச்சும்மா, இனி ஓடாது," என்றார் நிஜாம். "ஆனா மெமரி சிப்பு நல்லாருக்கு. உள்ள இருந்ததை அப்படியே ஃபைலா எடுத்துட்டேன். அதுல நிழல்கை இருக்கு."

"நிழல்கையா? அது என்னதுண்ணே?"

"கூட்டாளி வரலைன்னா ஆட்டம் நின்னுபோகக் கூடாதுல்லா? அதுக்காக அந்தப் பெட்டி ஆடுறவங்க கையைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கும். எங்க வேகமா போவாரு, எங்க பயப்படுவாரு, எல்லாம். அப்புறம் ஆள் இல்லாட்டியும் அவரு ஆடுற மாதிரியே அது ஆடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது உன் வீட்டுக்காரன் போர்டு. மேல அவன் பேருதான் ஒட்டியிருக்கு."

பிலோமி கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அமலதாஸுக்கு எல்லாமே அவசரம். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான், செருப்பைப் போட்டபடியே பைக்கைக் கிளப்புவான். அந்தக் கை ஒரு கயிற்றின் அந்த முனையில் இருக்கிறது. இந்த முனையை அவள் பிடிக்கலாம். மாமாவும் பிடிக்கலாம். சங்கு ஊதும்போது, வந்துட்டாரு மாமா என்று கூசாமல் சொல்லலாம்.

"எப்படிண்ணே ஓட வைக்கிறது?"

"அங்கதான் இடிக்குது. பழைய பெட்டி மாதிரி கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர் இருக்கு, எமுலேட்டர்னு சொல்லுவாங்க. சும்மாவே கிடைக்கும். ஆனா அதுல நிழல்கையை எடுத்துட்டாங்க. சட்டம் வந்துருச்சு. செத்தவங்க கையோட ஆடிக்கிட்டே சோறு தண்ணி இல்லாம கிடந்தாங்க ஜனங்க. ஒரு தாயி மகன் கையை விட்டுட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு..." நிஜாம் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீ தைக்கிறவ, உனக்குப் புரியும். கடையில தொங்குற ரெடிமேட் சட்டையில இந்தப் பை கிடையாது. ஆனா வெட்டின துணி, அளவு, எல்லாம் அப்படியே வெளிய கிடக்கு. சோர்ஸ்னு பேரு. அதை எடுத்து நீயே தைச்சா பையோட தைச்சுக்கலாம். விக்கிறதுதான் குத்தம். உனக்கு நீ தைச்சுக்கிட்டா யாரு கேக்கா?"

"நீங்களே தைச்சுக் குடுங்கண்ணே."

"எனக்குச் சூடு வச்சு ஒட்டத்தான் தெரியும். எழுத்து வேலை ஆகாது. செய்முறை எழுதிப் போட்டிருக்கான், படிச்சுச் செய். நூல் கோக்கிறவளுக்கு இது என்ன."

அது என்ன என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது.

செய்முறையில் முதல் வரியை அப்படியே பார்த்துத் தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கம்ப்யூட்டர். சோர்ஸைத் தைக்கிற மெஷினே லேப்டாப்பில் இல்லாமல் தைக்க உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிய அரை நாள் ஆயிற்று. அதை இறக்கினாள். அடுத்து இன்னொன்று இல்லை என்றது, அதையும் இறக்கினாள். அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. இங்கிலீஷில் வந்து விழும் ஒவ்வொரு குறையையும் போனில் காட்டித் தமிழாக்கி, விரலை வைத்து வாசித்தாள். நடுநடுவே மாமாவுக்குக் கஞ்சி, மாமாவுக்கு மாத்திரை, மாமாவுக்கு வேட்டி மாற்ற வேண்டும்.

எல்லாம் சேர்ந்ததும் ஓட்டினாள். இரண்டே வரியில் நின்றது. போனில் காட்டினாள்.

ச. என்று ஒரு கோப்பு இல்லை. அமலதாஸ் என்று ஒரு கோப்பு இல்லை.

பிலோமி அதை இன்னொரு தரம் வாசித்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதற்கு? இரண்டு பேரும் இல்லை என்கிறதே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிஜாம் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஃபோல்டருக்கு என்ன பேரு வச்ச?"

"அவரு பேருதான். ச. அமலதாஸ்னு."

"இனிஷியலுக்கும் பேருக்கும் நடுவுல இடம் விட்டியா?"

"விடாம எப்படிண்ணே எழுதுறது? மாமா பேரு வேற, அவரு பேரு வேற."

"இடைவெளி விட்டா அது ரெண்டு ஆளுன்னு நினைச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரையா தேடிப் போகும். பேரை எடுத்துட்டு ஏதாவது ஒத்தை எழுத்து வை."

கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறையிலும் பொறித்த பெயர். அதை அழித்து வெறும் 'அ' என்று வைக்க மனசு வரவில்லை அவளுக்கு. துணிப்பெட்டியைத் திறந்து மூடி, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து, திரும்ப வந்து உட்கார்ந்து, கடைசியில் வைத்தாள். ஓடியது.

ஓடி, கொஞ்ச நேரத்தில் செத்தது. லேப்டாப் அடுப்பாய்க் கொதித்தது.

"ஒரே நேரத்துல எட்டுத் தையக்காரன உக்கார வச்சிருப்ப," என்றார் நிஜாம். "சீக்கிரம் முடியும்னு எவனாவது எழுதியிருப்பான். அது சின்ன வீடும்மா, இடம் வேண்டாமா? ஒத்தை ஆளா தைக்கச் சொல்லு. நேரமாகும், ஆனா முடியும்."

ஒத்தை ஆளாகத் தைக்கச் சொன்னாள். விடிந்ததிலிருந்து ஒன்றின்கீழ் ஒன்றாக வரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. படகு, கடல், சத்தம், வெளிச்சம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. அவளுக்குப் புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. யாரோ அமலதாஸை எலும்பு எலும்பாக அடுக்குவது மாதிரி.

மத்தியானச் சங்கு ஊதியது.

கிழவர் அன்றைக்கு உட்காருவதோடு நிற்காமல் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். சங்கு ஊதினால் கரண்டை அணைக்காமல் கிரேனை விட்டு இறங்கக் கூடாது. அத்தனை வருஷமும் அவர் அதைத் தவறவிட்டதில்லை. பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப், ஒரு சத்தமும் இல்லாமல் இருண்டது.

"என்ன மாமா செஞ்சிட்டீங்க."

"சங்கு ஊதிட்டுல்லா. இறங்கு, இறங்கு. அமலு சாப்பிட வந்திருப்பான்."

"வரமாட்டாரு," என்றாள் பிலோமி. எந்த இடத்திலிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. "அவரு செத்துட்டாரு மாமா. வரவே மாட்டாரு. நீங்கதான் அவருக்கு மண்ணு போட்டீங்க."

கிழவர் சுவிட்சுப் பெட்டியில் கையை வைத்தபடியே நின்றார். பிறகு அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். சத்தம் போட்டு அழவில்லை. உதடு மட்டும் ஆடியது. அவள் ஓடிப்போய் அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். "பொய் மாமா, பொய் சொன்னேன், ஷிப்டுக்குத்தான் போயிருக்காரு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உண்மை போன இடத்துக்குப் பொய் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவர் டம்ளரை ஒரு விரல்கடை தூக்கி, ஆட்டம் அடங்கப் பார்த்து, நிதானமாக டீ குடித்தார். ஒன்றும் ஞாபகமில்லை. பிலோமி லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாம் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. தைத்த துண்டுகளெல்லாம் தைத்தபடியே இருக்க, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது மெஷின். மனுஷருக்கு இப்படி அமையவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

நிஜாம் அண்ணன் கொடுத்த குச்சியும் பித்தானும் உள்ள பலகையை மடியில் வைத்தாள். லேப்டாப்போடு இணைத்த டிவியில் நீலக் கடல் விரிந்தது. இந்தப் பக்கம் அவளுடைய படகு. அந்தப் பக்கம் இன்னொரு படகு, ஆள் இல்லாமல், காத்துக்கொண்டு. நடுவில் கயிறு.

இதோ இப்போது பாயும், என்னை இழுத்துக்கொண்டு ஓடும் என்று குச்சியை இறுகப் பிடித்தாள்.

அந்தப் படகு பாயவில்லை. கயிற்றை ஒரு துளி இழுத்தது. நின்றது. அவளுடைய படகு ஆடி அடங்கும் வரை பொறுத்தது. பிறகு மெல்ல, மிக மெல்லக் கிளம்பியது.

பிலோமிக்கு முதலில் புரியவில்லை. ஒரு பாறை வந்தது. மறுபடி ஒரு துளி இழுப்பு, ஆட்டம் அடங்கும் வரை பொறுமை, பிறகு நகர்தல். அவள் தடுமாறிச் சுழிப் பக்கம் போனபோது அந்தப் படகு தன்னைப் பாறையில் மோதவிட்டு அவளை இழுத்து வெளியே போட்டது. மெதுவாகத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். கிழவர் கண்கொட்டாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிதானமான கை," என்றார். "நல்ல ஆப்பரேட்டர். யாரும்மா அது?"

டீ டம்ளரை ஒரு விரல்கடை தூக்கிப் பார்க்கிற அதே கை. அந்தப் பெட்டி நிழல்கையை எதற்காகக் கற்றது? கூட்டாளி வராத நாளைக்காக. அமலதாஸ் ஹாலிலேயே கிடந்தவன், அவன் வராத நாள் ஏது? ஷிப்டுக்குப் போய் வராமல் இருந்தது அப்பாதான். அப்பா இல்லாத சாயங்காலங்களில் மகன் அப்பாவின் நிழல்கையைக் கூட வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறான். போர்டு மேல் ஒட்டியிருந்த பெயர் ஆடியவனுடையது. உள்ளே இருந்தது அவன் தேடிய ஆள்.

மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கையைக் குச்சியின்மேல் வைத்துப் பார்த்தாள். கை சும்மா கிடந்தது. திரையில் அவருடைய பழைய கை அந்தக் கைக்காகப் பொறுத்து நின்றது.

அமலதாஸ் எங்கேயும் இல்லை.

போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில், மாமா தூங்குகிற பகல் நேரத்தில், ஆடிப் பார்த்தாள். கலங்கரை விளக்கம் வரும் இடத்தில் அந்தப் படகு ஒவ்வொரு தரமும் ஒன்று செய்தது. வழி நேராக இருக்கும், பாறை இருக்காது, இருந்தும் நின்றுவிடும். நின்று, இடது பக்கமாகக் கயிற்றை நீளத் தளர்த்தும். எரிபொருள் குறையும், அலை தள்ளும். அசையாது. அவள் முன்னே போகப் பார்த்தால் போகவிடாது. காத்திருக்கும்.

"யாருக்காக நிக்கிறீங்க மாமா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். கேட்டதும் தெரிந்துவிட்டது.

இடது பக்கம் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் போனாள். கயிறு சரியாக அந்த இடம் வரைக்கும் எட்டியது. அங்கே புதையல் இல்லை, பாயிண்ட் இல்லை. ஒரு சின்னப் பாறை, அதன்மேல் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு குட்டி மனுஷன். படம் வரைந்தவர் விளையாட்டுக்கு வரைந்து வைத்தது. ஹாரன் பித்தானை அழுத்தினாள். குட்டி மனுஷன் தொப்பியைத் தூக்கி ஆட்டினான். அவ்வளவுதான்.

இதற்காகவா? ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்த அவசரக்காரன் வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு வந்து இவனுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். அப்பா அதற்காகக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருக்கிறார். பிலோமி அன்றைக்குத்தான், எத்தனையோ மாசம் கழித்து, சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகைக்குப் போயிற்று.

ஆனால் சில நாள் கழித்து வேறொன்றைக் கவனித்தாள். படகு கலங்கரை விளக்கத்தில் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நிஜாம் அண்ணனிடம் கேட்டாள்.

"கத்துக்கிட்டே இருக்கும்மா. உன் கை வேற, அவன் கை வேற. நிக்க வேண்டியதில்லன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல நிக்காமலே போயிரும்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் நல்லதுதானேம்மா. அதுக்காவது மறக்குதே."

பிலோமி வீட்டுக்கு வந்து கட்டிலருகே நின்றாள். கட்டிலில் கிடப்பவருக்கு மகன் வரமாட்டான் என்பதைக் கற்றுக்கொள்ள முடியவில்லை. திரையில் இருப்பவர் கற்றுக்கொண்டிருக்கிறார். விட்டால் அவருக்காவது ஆறிவிடும். ஆறிவிட்டால், கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒருவன் சுற்றிக்கொண்டு போய்வந்தான் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு தடயமும் இருக்காது. எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

முதல் நாள் எடுத்துவைத்த, இன்னும் எதையும் மறக்காத ஃபைல் நிஜாம் அண்ணனிடம் இருந்தது. அதைத் திரும்ப வாங்கினாள். பிறகு சோர்ஸைத் திறந்தாள். முன்பு எறும்பு ஊர்வது போலிருந்த எழுத்து இப்போது துணியில் தையல் தெரிவது போலத் தெரிந்தது. நிழல்கை கற்கிற வரியைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டாள். அது செய்யாதே என்று அர்த்தம். மறுபடி தைத்தாள். மாற்றிய துண்டை மட்டும் தைத்துவிட்டு நின்றது மெஷின். பால் காய்ச்சி இறக்குவதற்குள் முடிந்துவிட்டது.

இனி அது கற்றுக்கொள்ளாது. என்றைக்கும் அதே இடத்தில் நின்று, என்றைக்கும் அதே அளவு கயிற்றைத் தளர்த்தும்.

அதனால் அவள் கற்றுக்கொண்டாள். கயிறு எங்கே இறுகியது, எங்கே முன்கூட்டியே தளர்ந்தது, எந்த வளைவில் அந்தப் படகு தயாராகப் பாறைப் பக்கம் போய் நின்றது என்று பார்த்துப் பார்த்து, அங்கெல்லாம் அமலதாஸ் என்ன செய்திருப்பான் என்று கண்டுபிடித்தாள். ஜாக்கெட்டைப் பார்த்து உடம்பின் அளவைச் சொல்கிறவள்தானே. இங்கே பாய்ந்திருக்கிறான். இங்கே பயந்திருக்கிறான். இங்கே அப்பா பார்த்துக்கொள்வார் என்று கையை விட்டிருக்கிறான். நிதானமாக ஊசி பிடித்த அவள் கை, கொஞ்சம் கொஞ்சமாக அவசரக் கையாக மாறிற்று. தையலில் கோணல் விழ ஆரம்பித்தது. தைக்கக் கொடுப்பவர்கள் முகம் சுளித்தார்கள். நிஜாம் அண்ணன் ஒரு நாள், "போதும்மா, சட்டம் போட்டவன் சும்மா போடல" என்றார். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம். சங்கு ஊதுவதற்கு முன்பே ஆட உட்கார்ந்துவிட்டாள். கலங்கரை விளக்கம் வந்தது. அந்தப் படகு நின்றது. இழுத்துப் பார்த்தது, அடங்கப் பொறுத்தது, தளர்த்தியது. அவள் ஒரு நொடி தயங்காமல், வழியை விட்டு, அலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடது பக்கம் பாய்ந்தாள். ஹாரனை அழுத்தினாள். குட்டி மனுஷன் தொப்பியை ஆட்டினான்.

சங்கு ஊதியது. பின்னால் கட்டில் முனகியது. கிழவர் எழுந்து உட்காருகிறார். இப்போது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். வழக்கமான பொய் நாக்கு நுனியில் இருந்தது.

கிழவர் அதைக் கேட்கவில்லை.

"கயித்த விட்டிருக்கேன்ல, அமலு," என்றார், எதிர்க் காற்றில் சொல்கிற மாதிரி. "மெல்ல வா. நான் எங்கேயும் போகல."

பிலோமி திரும்பவில்லை. குச்சியை விடவும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை மாமா என்று மட்டுமே கூப்பிட்ட வாயால், "சரிப்பா" என்றாள்.